விதைநெல்லும் மனையறமும்: இளையான்குடி மாறர் புராணத்தில் உழவர் மனைவி

ஆய்வுச் சுருக்கம்

சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இடம்பெறும் இளையான்குடி மாற நாயனார் புராணம் விருந்தோம்பலின் உயர்வைக் கூறும் வரலாறாகவே பெரிதும் பயிலப்பட்டு வருகிறது. அப்புராணத்தில் பெயர் சுட்டப்படாத உழவர் மனைவியின் பங்கினை இக்கட்டுரை ஆராய்கிறது. அடியாருக்கு அமுதளிக்கும் வழியைக் கண்டறிந்து சொல்பவர் மனைவியே என்பதும், அவ்வழி வேளாண் அறிவின் அடிப்படையில் அமைந்தது என்பதும், சேக்கிழாருக்கு முந்தைய திருத்தொண்டர் வரலாற்று நூல்களில் அவருக்கு இவ்விடம் இல்லை என்பதும் எடுத்துக்காட்டப்படுகின்றன. சேக்கிழார் பிறந்த தொண்டைமண்டலத்தின் வேளாண் சமூகப் பின்புலத்தை விளக்க உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஒப்புநோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பெரியபுராணம், இளையான்குடி மாறர், உழவர் மனைவி, விதைநெல், மனையறம், உத்திரமேரூர், தொண்டைமண்டலம்.

முன்னுரை

பெரியபுராணம் போற்றும் அறுபத்து மூன்று தனியடியார்களுள் பெண்டிர் மூவர்: காரைக்காலம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார். இவர்களுள் ஒருவர் வணிகர் குடியினர், ஒருவர் அரசமாதேவியார், ஒருவர் ஆதிசைவ மரபினர். உழவுத் தொழிலைச் சார்ந்த குடும்பத்துப் பெண் எவரும் இப்பட்டியலில் இல்லை. ஆயினும் உழவர் மனைவியர் இந்நூலுக்கு அயலானவர் அல்லர். இளையான்குடி மாறர், அரிவாட்டாயர் ஆகிய இரு வேளாளர் வரலாறுகளிலும் தொண்டு நிறைவேறுவதற்கு மனைவியரின் கைகளே துணையாகின்றன. தொண்டு கணவர் பெயரால் நிற்கிறது. அதற்குரிய உழைப்பில் பெரும்பகுதி மனைவியுடையது.

சேக்கிழார் தொண்டைமண்டலத்துக் குன்றத்தூரில் வேளாளர் குடியில் தோன்றியவர் என்பது மரபு. குன்றத்தூரும், தமிழக ஊராட்சி வரலாற்றில் தனிச்சிறப்புடைய உத்திரமேரூரும் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் அமைந்துள்ளன. இரண்டும் ஏரிப்பாசனத்தை நம்பிய நெல் விளையும் நிலப்பகுதிகள். இளையான்குடியோ பாண்டிநாட்டு ஊர். இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் உள்ளது. தம் நாட்டிற்கு அப்பாற்பட்ட ஓர் ஊரில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் வரலாற்றைப் பாடும்போதும், நெல் வயலையும் உழவர் இல்லத்தையும் நுட்பமாக அறிந்த புலவராகச் சேக்கிழார் வெளிப்படுகிறார். அந்நுட்பம் மனைவியின் பாத்திரத்தில் எவ்வாறு பதிந்துள்ளது என்பதே இக்கட்டுரையின் வினா.

1. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் நிலம், மனை, பெண்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விரித்துரைப்பவை. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். தகுதிகளாகக் கூறப்பட்டவற்றுள் முதன்மையானவை இரண்டு: இறை செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலம் உடைமை, தன் மனையில் வீடு கட்டி வாழ்தல். இவற்றுடன் 35-க்கு மேல் 70-க்கு உட்பட்ட அகவையும், மறைநூற் பயிற்சியும், ஒழுக்கத் தூய்மையும் வேண்டப்பட்டன.

இக்கல்வெட்டுகளில் பெண்கள் இல்லாமல் இல்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரோடு அவருடைய உறவினரும் விலக்கப்பட வேண்டும் என விதிக்குமிடத்து, தாயுடன் பிறந்தாள் மக்கள், உடன்பிறந்தாளை மணந்தவன் என்றவாறு உறவுமுறைகள் அடுக்கப்படுகின்றன. அங்குப் பெண் என்பவள் இரண்டு ஆடவரை இணைக்கும் உறவுக் கண்ணியாகவே சுட்டப்படுகிறாள். நிலமும் மனையும் ஆடவனின் தகுதிக்கு அடையாளமாகின்றன. அவற்றில் உழைக்கும் பெண் ஆவணத்தின் பேசுபொருள் ஆகவில்லை.

உத்திரமேரூர் அந்தணர்க்குரிய சதுர்வேதிமங்கலம். இளையான்குடி மாறரோ வேளாளர். ஆகவே இவ்விரு சமூகங்களையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும் நிலம், மனை என்னும் இரண்டு உடைமைகள் ஊர் வாழ்வில் ஒருவனது நிலையை உறுதிசெய்த காலச்சூழலை இக்கல்வெட்டுகள் தெளிவாகக் காட்டுகின்றன. இளையான்குடி மாறர் புராணத்தில் ஒரே இரவில் செலவிடப்படுபவையும் இவ்விரண்டே: நிலத்தில் இட்ட விதை, மனையின் கூரை மரம். இவ்வொப்புமை அவ்வில்லத்தார் மேற்கொண்ட இழப்பின் அளவை உணர்த்துகிறது.

2. சுந்தரர் முதல் சேக்கிழார் வரை: மனைவியின் வருகை

திருத்தொண்டர் வரலாறு மூன்று படிநிலைகளில் வளர்ந்தது. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் இளையான்குடி மாறரின் பெயரைச் சுட்டி வணங்குவதோடு அமைகிறார். நிகழ்ச்சி எதுவும் கூறப்படவில்லை. நம்பியாண்டார் நம்பி திருத்தொண்டர் திருவந்தாதியில் ஒரு செய்யுளுக்குள் மூன்று செயல்களைத் தொகுத்துத் தருகிறார். விதைத்த வயலின் முளைவித்தை வாரியது ஒன்று. வீட்டின் அலகினை எரித்து வறுத்தது மற்றொன்று. இளம்பயிரைக் கறியாக்கியது பிறிதொன்று. இம்மூன்றுக்கும் அச்செய்யுளில் மாறரே வினைமுதல். வறுத்தல், கறியாக்கல் ஆகிய அடுக்களைச் செயல்களும் அவர்மீதே ஏற்றப்பட்டுள்ளன. மனைவி குறிப்பிடப்படவில்லை.

12-ஆம் நூற்றாண்டில் பாடிய சேக்கிழார் அதே மூன்று செயல்களையும் எடுத்துக்கொள்கிறார். நிகழ்ச்சியின் எலும்புக்கூட்டை மாற்றவில்லை. ஆனால் வினைமுதலை இரண்டாகப் பகுக்கிறார். வெளியே சென்று வாரி வருதல், அலகை அறுத்தல், கீரை பறித்தல் ஆகியன கணவர்க்கு. வழி சொல்லுதல், கழுவுதல், வறுத்தல், அரிசியாக்குதல், சமைத்தல் ஆகியன மனைவிக்கு. அந்தாதியின் சுருக்கத்திற்கு யாப்பின் எல்லை ஒரு காரணமாகலாம். ஆயினும் விரித்துப் பாடும் புலவர் எதை விரித்தார் என்பது கருதத்தக்கது. மாறரின் மனவுறுதியை மட்டும் விரித்திருந்தாலும் புராணம் நிறைவுற்றிருக்கும். சேக்கிழார் இல்லத்திற்குள் ஓர் உரையாடலை அமைத்தார்; அவ்வுரையாடலின் திருப்புமுனையை மனைவியின் வாயில் வைத்தார்.

3. வழி சொன்னவர்: விதை பற்றிய அறிவு

செல்வம் சுருங்கிக் கடனும் மிகுந்த நிலையில், மழைக்காலத்து நள்ளிரவில் இறைவன் அடியார் வேடத்தில் வருகிறார். மாறர் அவரை வரவேற்று, நனைந்த மேனியின் ஈரத்தைத் துடைத்து இருக்க இடமளித்தபின் மனைவியிடம் வினவுகிறார்: நமக்கே உணவில்லை, எனினும் வந்தவர்க்கு நாம் அமுது அமைப்பது எவ்வாறு? வழி தெரியாமல் நிற்பவர் இங்கு நாயனாரே.

மனைவியின் விடை இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி இல்லாமையின் கணக்கு. வீட்டில் ஒன்றும் இல்லை, அயலார் இனிக் கடன் தரமாட்டார், பொழுதும் கழிந்துவிட்டது, சென்று கேட்க வேறு இடமுமில்லை. வீட்டு இருப்பு, அண்டை வீட்டாரின் மனநிலை, நேரம், இடம் ஆகிய அனைத்தையும் எண்ணிப் பார்த்துச் சொல்லப்பட்ட செய்தி இது. வறுமையுற்ற உழவர் இல்லத்தில் கைமாற்றுக் கேட்டுச் செல்லும் பொறுப்பு யாருடையதாக இருந்தது என்பதையும் இது உய்த்துணரச் செய்கிறது. இரண்டாம் பகுதியில்தான் வழி பிறக்கிறது. பகலில் விதைத்த செந்நெல்லின் முளையை வாரிக் கொண்டுவந்தால் இயன்றவாறு அமுதாக்கலாம். அதுவன்றி வேறு அறியேன் என்கிறார்.

இச்சொற்களுக்குள் அடங்கிய வேளாண் அறிவு ஊன்றி நோக்கத்தக்கது. சேற்றில் நேரடியாக விதைக்கும் முறையில் விதைநெல்லை முதலில் நீரில் ஊறவைத்து, வடித்து, மூடிவைத்து முளைகட்டுவர். முளை வெளிப்பட்ட விதையே பண்பட்ட சேற்று வயலில் தூவப்படும். தூவிய முதல் நாளில் அது மண்ணில் வேர் பற்றியிராது; சில நாள் கடந்தால்தான் நிலைகொள்ளும். விதைத்த அன்றே பெருமழை பெய்து வயலில் நீர் தேங்கினால் முளைவிதை கிளம்பி மிதந்து நீரோட்டத்தின் வழியே ஒதுங்கும். உழவர்க்கு இது கேடு. மறுவிதைப்புக்கு இடமாக்கும் இழப்பு. புராணத்தில் அக்கேடே வழியாகிறது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ அடியார் வந்திருந்தால் முளையை வாரியெடுத்தல் எளிதன்று. மழை இல்லையேல் இருளில் சேற்றிலிருந்து பொறுக்குவதும் அரிது. வயலில் அன்று விதைக்கப்பட்டது என்பதையும், பெய்யும் மழையில் அவ்விதை என்ன நிலையில் இருக்கும் என்பதையும் வீட்டிற்குள் இருந்தபடியே அறிந்தவராக மனைவி காட்டப்படுகிறார். மாறர் காலால் வழி தடவிச் சென்று, நீர்வழி ஒதுங்கிய முளைகளைக் கையால் கோலி வாரிக் கூடை நிறையச் சுமந்து வருவதாகச் சேக்கிழார் பாடுவது மனைவியின் கணிப்பு பிழையற்றது என்பதை உறுதிப்படுத்துகிறது.

விதைநெல்லை உண்பது உழவர் இல்லத்தில் இறுதிக்கட்டச் செயல். அது இன்றைய பசிக்காக அடுத்த விளைச்சலைக் கைவிடுவதாகும். கடன்பட்ட இல்லத்தில், அன்று விதைத்த வயல் ஒன்றே எஞ்சிய நம்பிக்கை. அந்நம்பிக்கையை அடியார்க்கு ஈவதற்கு முதலில் துணிந்தவர் மனைவி. அத்துணிவுரையைக் கேட்ட மாறர் முன்பிருந்த செல்வத்தையே மீளப்பெற்றதுபோல மகிழ்ந்தார் என்பது சேக்கிழார் வாக்கு. இங்குப் பக்தி வெறும் உணர்ச்சிப்பெருக்காக வெளிப்படவில்லை. கையிருப்பை எண்ணி, இழப்பை அறிந்து, வழியைத் தேர்ந்த முடிவாக வெளிப்படுகிறது.

4. அடுப்படியில் தொண்டு: உழைப்பின் பங்கீடு

கணவர் திரும்பும் வரை மனைவி உள்ளே அமர்ந்திருக்கவில்லை. வாயிலில் நின்று கூடையை வாங்குகிறார். நீர்விட்டுச் சேற்றை அலம்புகிறார். அடுப்பு மூட்ட விறகில்லை என்று தெரிவிக்கிறார். மாறர் வீட்டுக்கூரையின் அலகினை அறுத்து வீழ்த்துகிறார். அடுத்து வரும் செயல்வரிசை சமையலறிவின் துல்லியம் உடையது. நனைந்த முளைவித்தை உடனே குற்றினால் அரிசி நசுங்கும். அதனை வெயிலில் உலர்த்த நள்ளிரவில் வாய்ப்பில்லை. ஆகவே பதமறிந்து வறுத்து, அதன் பின்னரே அரிசியாக்கி உலையிலிடுகிறார். வறுத்தலைச் சுட்டும் சொல் அந்தாதியிலேயே உண்டு; அது ஏன் வேண்டப்பட்டது, எந்நிலையில் செய்யப்பட்டது என்பதைப் பதம் கொள்ளுதல், அரிசியாக்குதல், உலையில் பெய்தல் எனப் படிமுறைப்படுத்தியவர் சேக்கிழார்.

சோறு அமைந்தபின் கறிக்கு என்ன செய்வது என்று கணவரை வினவுகிறார். மாறர் புன்செய்க் குழியில் இன்னும் நிரம்ப வளராத குறும்பயிரைத் தடவிப் பறித்து வருகிறார். மனைவி அவற்றை ஆய்ந்து, கழுவி, கைவன்மையால் வெவ்வேறு கறிகளாக ஆக்குகிறார். ஒரே கீரை பல கறியாவதற்குப் பழைய நாளின் நினைவு அவருக்கு உதவிற்று எனப் புலவர் குறிப்பது கூர்ந்து நோக்கத்தக்கது. செல்வம் நிறைந்த காலத்தில் அறுசுவையும் நால்வகை உணவும் அடியார்க்குப் படைத்த இல்லம் அது. நாயனாரின் கொடைப்புகழ் வளர்ந்த அந்நாட்களில் நாள்தோறும் சமைத்த கைகள் எவருடையவை என்பதை இக்குறிப்பு வெளிப்படுத்துகிறது. செல்வம் போயிற்று; திறன் போகவில்லை.

உரையாடலின் சொல்லமைப்பும் இப்பங்கீட்டைக் காட்டும். முதலில் மாறர் தன்மைப் பன்மையில் வினவுகிறார். வழியின்மையை உணர்ந்து வருந்தும் மனைவியோ தன்மை ஒருமையில் தம்மையே நொந்து விடைதொடங்குகிறார். முளை வந்து, உலை ஏறி, சோறு அமைந்தபின் அவரது வினா பன்மைக்கு மாறுகிறது. இறுதியில் கறியமுதைக் கணவர்க்குக் காட்டி, ஒப்பற்றவரை இனி நாம் அமுது செய்விப்போம் என அழைப்பவரும் அவரே. ஒருமையில் தொடங்கிய பேச்சு, உழைப்பின் வழியே 'நாம்' என்னும் நிலையை அடைகிறது. அமுது செய்விக்கத் தொடங்கும் முடிவையும் மனைவியே அறிவிப்பதால், வழி கூறியது முதல் விருந்துக்கு அழைத்தது வரை நிகழ்ச்சியின் இரு முனைகளும் அவரிடமே அமைகின்றன.

5. சங்க மரபின் தொடர்ச்சி

விதையை உணவாக்கும் மனைவி சேக்கிழாரின் தனிப்படைப்பு மட்டுமன்று. புறநானூற்றின் 333-ஆம் பாடல் ஒரு சிற்றூர் இல்லத்தைக் காட்டுகிறது. வரகும் தினையும் இரவலர் உண்டும் கொண்டும் தீர்ந்துபோகின்றன, குறியெதிர்ப்பையும் கிடைக்கவில்லை. அந்நிலையில் விதைக்கென உலர்த்தி வைத்த கதிர்த்தினையை உரலில் பெய்து விருந்தளிக்கிறாள் அவ்வில்லத்தாள். கையிருப்புத் தீர்தல், கடன் கிடையாமை, விதையை எடுத்தல் என்னும் மூன்று படிகளும் அதே வரிசையில் மாறர் புராணத்திலும் அமைந்துள்ளன. சேக்கிழார் அப்பாடலை நேரே தழுவினார் என்று துணிவதற்குச் சான்று வேண்டும். விருந்தின்பொருட்டு விதையைத் தொடும் உரிமையும் துணிவும் மனைவிக்குரியன என்னும் இலக்கிய மரபு தொன்மையானது என்ற அளவில் கொள்வது தக்கது.

வேறுபாடும் உண்டு. புறப்பாடலில் விதை இன்னும் வீட்டில் உள்ளது. புன்செய்த் தினை அது. புராணத்தில் விதை வீட்டைக் கடந்து வயலில் இடப்பட்டுவிட்டது. நன்செய் நெல் அது. இட்ட விதையை மீட்டெடுத்தல் என்பதால் இழப்பும் அரிய செயலும் ஒருங்கே மிகுகின்றன. விருந்தோம்பி எஞ்சியதை உண்பவனது நிலத்தில் விதையும் இட வேண்டுமோ என்று 85-ஆம் குறள் வினவுகிறது. அக்குறளில் விதையிடாமலும் விளையும் என்பது விருந்தோம்பலின் பயன். இங்கோ இட்ட விதையையே விருந்தாக்குவது அதன் செயல்முறை. குறளின் உயர்வு நவிற்சியை ஓர் உழவர் இல்லத்து இரவாக மாற்றிக்காட்டியது இப்புராணம் எனலாம்.

6. அரிவாட்டாயர் மனைவி: ஒப்பீடு

சோழநாட்டுக் கணமங்கலத்து வேளாளரான தாயனார் நாள்தோறும் செந்நெல் அரிசியும் கீரையும் மாவடுவும் இறைவனுக்குப் படைத்தவர். வறுமை வந்தபோது கூலிக்கு நெல்லறுத்து, செந்நெல்லை இறைவனுக்கும் கார்நெல்லை வீட்டிற்கும் ஆக்கினார். பின்னர்க் கார்நெல்லும் அற்றது. அப்போது மனைவியார் மனையருகே வளர்ந்த இலைக்கறியைக் கொய்து கணவர்க்கு இட்டார். அதுவும் தீர்ந்தபின் நீரையே வார்த்தார். ஒருநாள் படையற்பொருளைச் சுமந்து முன்சென்ற தாயனார் தளர்ந்து வீழுங்கால், ஆனைந்து ஏந்திப் பின்வந்த மனைவியார் கலத்தை மூடிய கையாலேயே அவரைத் தாங்க முயல்கிறார்.

இரு புராணங்களிலும் வறுமையின் படிநிலைகளை அளப்பது அடுக்களையே. நெல், பிறகு கீரை, பிறகு நீர் என்று தாயனார் இல்லத்துக் குறைவு மனைவி பரிமாறும் பொருளால் உணர்த்தப்படுகிறது. எனினும் ஒரு வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. தாயனார் மனைவியின் தொண்டு தாங்குதல். மாறர் மனைவியின் தொண்டு வழிகாட்டல். முன்னவர் கணவரின் நெறியைக் குறைவின்றி நடத்த உதவுகிறார். பின்னவர் அந்நெறி முறியும் இடத்தில் அதனை மீட்கிறார். உழவர் மனைவியைச் சேக்கிழார் ஒரே அச்சில் வார்க்கவில்லை என்பதற்கு இது சான்று.

7. தொண்டைநாட்டு மனையறக் கருத்து

தொண்டைநாட்டின் வளத்தைச் சேக்கிழார் விரிவாகப் பாடும் இடம் திருக்குறிப்புத்தொண்டர் புராணம். காஞ்சிக் காமக்கோட்டத்தில் அம்மை முப்பத்திரண்டு அறங்களை வளர்த்த செய்தி அங்கு மனையறம் என்னும் சொல்லோடு இயைத்துப் பேசப்படுகிறது. உலகிற்கு உணவும் அறமும் வழங்குபவள் இல்லத்தலைவியாகிய இறைவி என்பது காஞ்சியின் வழிபாட்டு மரபு. சுந்தரரும் ஓணகாந்தன்தளிப் பதிகத்தில், காமக்கோட்டம் இருக்க இறைவன் ஊர்ப்பிச்சைக்குச் செல்வதேன் என நயமுற வினவியுள்ளார். இரந்து திரியும் கணவன், அறம் நடத்தும் மனைவி என்னும் இவ்விணை தொண்டைநாட்டுப் புலவர்க்கு நன்கு அறிமுகமானது. இளையான்குடி இல்லத்தில் கொடைமனம் கணவரிடமும் கொடைவழி மனைவியிடமும் அமைவதற்கு இம்மரபு பின்புலமாக இருந்திருக்கலாம் எனக் கருத இடமுண்டு.

8. பெயரின்மையும் பேற்றின் மொழியும்

சிறுத்தொண்டர் மனைவிக்குத் திருவெண்காட்டு நங்கை என்னும் பெயரைத் தந்த சேக்கிழார், உழவர் மனைவியர் இருவரையும் 'மனைவியார்' என்ற உறவுப்பெயராலேயே குறிக்கிறார். அவ்வுறவுப்பெயர் உயர்வுப்பன்மை ஏற்று நிற்பது மதிப்பைக் காட்டினும் பெயரின்மை மறைவதில்லை. இறுதிக் காட்சியில் இறைவன் உமையோடு விடைமேல் தோன்றி மாறரை விளித்து, மனைவியோடும் தம் உலகை எய்துமாறும், குபேரன் தானே நிதியேந்தி ஏவல் கேட்க இன்பமுற்றிருக்குமாறும் அருள்கிறார். பேறு இருவர்க்கும் உரியது; முன்னிலை ஒருவர்க்கே உரியது. வழியறியாது நின்றபோது மாறர் மனைவியை அழைத்த 'அணங்கு' என்னும் சொல்லே இறைவன் வாக்கிலும் வருகிறது. முன்னது விளி, பின்னது உடனிகழ்ச்சிப் பொருளில் வந்த மூன்றாம் வேற்றுமை. நிகழ்ச்சியை நடத்தியவர் பேற்றின் மொழியில் துணையாகிறார்.

இது சேக்கிழாரின் குறைபாடன்று. திருத்தொண்டத்தொகை வகுத்த அடியார் பட்டியலுக்குள் நின்று பாடவேண்டிய கடப்பாடு அவருக்கு இருந்தது. தலைமை மாறர்க்கே உரியது. அவ்வெல்லைக்குள் நின்றும் செயலின் தோற்றுவாயை மனைவியிடம் வைத்தது அவரது துணிவு. உத்திரமேரூர்ச் சபையின் ஆவணம் ஏரியையும் தோட்டத்தையும் காக்கும் ஆடவரின் தகுதியைப் பதிந்தது. அவ்வேரிநீர் பாய்ந்த வயலின் விதையைப் பற்றிப் பெண்டிர் அறிந்திருந்ததைப் பதியவில்லை. அவ்வறிவுக்குச் சான்றாக நிற்பது புலவர் பாட்டே.

உழவர் குடும்பத்துப் பெண்களுக்கு நிலத்தில் உரிமை பற்றிய வினா அண்மைக்காலத்தில்தான் சட்டத்தின் வடிவம் பெற்றது. இந்து கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளிர்க்கும் பிறப்புரிமை அளிக்கும் திருத்தம் தமிழ்நாட்டில் 1989-இலும் இந்திய அளவில் 2005-இலும் வந்தது. மருமகளாக வந்து நாற்று நட்டு, களையெடுத்து, விதை காத்து, விரதமும் விருந்தும் பேணும் மனைவியின் வாழ்வு இச்சட்டங்களாலும் முழுமையாகத் தழுவப்படுவதில்லை. அவை மகளின் உரிமையைப் பேசுகின்றன. உடைமையின்றிப் பொறுப்பேற்கும் அந்நிலையின் பழைய இலக்கியப் பதிவாகவும் இப்புராணத்தைப் படிக்க இயலும்.

முடிவுரை

ஆய்வின் முடிவுகள் பின்வருமாறு தொகுக்கப்படுகின்றன. அந்தாதியில் மாறர் ஒருவர் செயல்களாக இருந்தவற்றைச் சேக்கிழார் இருவர் செயல்களாக்கி, வழி காணும் பொறுப்பை மனைவிக்கு அளித்தார். மனைவியின் சொல் விதையின் இயல்பு, மழையின் விளைவு, சமையலின் பதம் ஆகியவற்றை அறிந்த உழவர் இல்லத்து அறிவிலிருந்து பிறந்தது. விதையை விருந்தாக்கும் மனையாள் புறநானூற்றிலேயே காணப்படுவதால் இதற்கு நீண்ட மரபுண்டு. ஊர் வாழ்வில் நிலைபேற்றைத் தந்த நிலமும் மனையும் ஆகிய இரண்டையும் அடியார்க்காகச் செலவிடும் முடிவில் மனைவி முதன்மை பெறுகிறார். பேற்றின் மொழியிலும் பெயரிலும் அம்முதன்மை தொடரவில்லை.

ஆவணி மகத்தில் இளையான்குடி மாறரின் குருபூசை சிவாலயங்களில் நிகழ்கிறது. அந்நாளில் போற்றப்படும் தொண்டு முளைவாரியமுது. அதனை வாரியவர் மாறர்; வாரலாம் என்று அறிந்து சொன்னவரும், அதனை அமுதாக்கியவரும் அவர் மனைவியார். பெரியபுராணத்தைப் பயில்வோர் இவ்விரண்டையும் சேர்த்தே அத்தொண்டினை மதிப்பிடல் வேண்டும்.